நாற்பது வொலியம்

டட்சனின் உள்பக்கம் முழுக்கத்
தேநீர்க் கறை பிடித்த பல்.
தூண் மூடிகள், கண்ணாடி இறக்கும் கைப்பிடியின் குமிழ்,
கூரை விளக்கின் மூடி.
தந்த நிறம் என்றுதான்
எழுதி விற்றிருப்பான் யப்பான்காரன்.
உட்துறைமுக வீதியில் நாற்பது வருசம்
கடலைப் பார்த்தபடி நின்ற வண்டி.
நேராய் வந்த வெயில் பாதி,
தண்ணீரில் பட்டுத் திரும்பி வந்தது மீதி.

கழற்றினேன்.
கிளிப் உடைகிற சத்தம்
முறுக்கு உடைகிற சத்தம்தான்,
ஆனால் வயிற்றில் கேட்கும்.
ஏழில் மூன்று போனது.

மருந்து நிலோஜினியின் சலூனில் இருந்தது.
வெள்ளைப் போத்தல், நாற்பது வொலியம்,
மணப்பெண் ஒருத்தியின் தலைக்கென்று எடுத்து வைத்தது.
"காருக்கு நரை போக்கப் போறியளோ?"
"இல்லை, நரைக்க வைக்கப் போறன்."
சிரித்தாள். பிறகு தொழிலுக்கு வந்தாள்:
"கையுறை போடுங்கோ. மெல்லிசாய்ப் பூசாதேங்கோ.
காய விட்டால் திட்டுத் திட்டாய் வரும்,
பிறகு என்னட்ட வந்து நிக்கக்கூடாது."
தூரிகையைப் பறித்து அவளே பூசினாள்,
காதில் படாமல் பூசிப் பழகிய கை
மூடியின் வளைவில் தானாகவே ஒதுங்கியது.

மொட்டைமாடியில் பொலித்தீன் சுற்றிப் பரப்பினோம்.
சித்திரை.
மஞ்சளாக்கினவனிடமே கொண்டுபோய்
வெளுத்துத் தா என்று கேட்க
எனக்குக் கொஞ்சம் வெட்கமாய் இருந்தது.
அவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.
கருவாடு போல அரை மணிக்கொருக்கால் புரட்டினோம்.
கீழே ஒழுங்கையில் மான் ஒன்று
லொத்தர் சீட்டை மென்றபடி
எங்களை அண்ணாந்து பார்த்தது.

நாலரைக்குக் கழுவ
வந்தது தந்தம் இல்லை,
காய்ச்சல் விட்ட மறுநாள் முகத்தின் நிறம்.
போதும்.

டாஷ்போர்ட் வேறு விசயம்.
கறுப்பு சாம்பலாகி, தொட்டால் விரலில் மா.
நடுவில் மட்டும் ஒரு முட்டை வடிவம்,
தீப்பெட்டி அளவு, இரண்டு துளையோடு,
கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு.
ஏதோ அதில் திருகப்பட்டு நின்றிருக்கிறது.
மாதாவாய் இருக்கலாம், வண்டி பாலையூற்றில் வாங்கியது.
வாசனைப் போத்தலாயும் இருக்கலாம்.
தொழிற்சாலையில் ஊற்றிய நிறம்
அவ்வளவுதான் மிச்சம்.

அதைப் பார்த்துக் கலந்தேன்.
கறுப்பில் இரண்டு சொட்டு மண்ணிறம், ஒரு சொட்டு நீலம்,
பக்கத்தில் பூசிப் பூசி
எது அது, எது நான் கலந்தது
என்று தெரியாமல் போகும்வரை.

பிறகு அறுநூறாம் நம்பர் தாள், தண்ணீர்.
எல்லா இடமும் தேய்க்க வேண்டும்.
அதையும்.
வழுவழுப்பில் பெயின்ற் பிடிக்காது,
நல்ல இடம் என்று விட்டுவைத்தால்
அங்கேதான் முதலில் உரியும்.
கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன்.
ஒரு தேநீர் குடித்தேன்.
பிறகு தேய்த்தேன்.

சப்ராஸ் வந்தார், ஐஸ் கணக்குக் கொப்பி கக்கத்தில்.
கதவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார்.
கையால் தடவினார். நின்றது கை.
"இந்த ரெண்டு ஓட்டையையும் ஏன் அடைக்கல்ல?"
மறந்துவிட்டேன் என்றேன்.
பொய் என்று முகம் சொல்லியிருக்கும்,
அவர் முகத்தைப் பார்க்கவில்லை,
விரலால் இடைவெளியை அளந்துகொண்டிருந்தார்.
"விடுங்க. போன் ஸ்ராண்டுக்குக் கணக்கா ஈக்கும்."

உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு முனகி
வண்டி போய் மறைந்தது.

"போத்தல் காசு?" என்று கை நீட்டினாள் நிலோஜினி,
மணப்பெண்ணின் தலையை இப்போதுதான் முடித்து வந்தவள்.
கையுறை கிழிந்திருக்க வேண்டும்.
ஆள்காட்டி விரலின் நுனி மட்டும்
சுண்ணாம்பு தொட்டதுபோல் வெள்ளை.
எரியுதோ என்றேன்.
கொஞ்சம், நாளைக்குப் போயிடும் என்றாள்,
காசை எண்ணிக்கொண்டே.